பாடிக்கொண்டிருந்த பையன் வாயை மூடிக்கொண்டான். வீட்டுக்குள் பாட்டைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி?

பெருமாள்புரம் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள். மூத்தவன் எட்டாம் வகுப்பு, 13 வயது. சின்னவளுக்கு 7 வயது.

மூத்தவன் சின்ன வயதில் ஓயாமல் பாடுவான். குளிக்கும்போது பாட்டு, ஷூ மாட்டும்போது பாட்டு. வீரவநல்லூரில் என் ஆச்சி வீட்டுக்குப் போனால், ஆச்சி சுளகில் அரிசி புடைக்க, இவன் எதிரே உட்கார்ந்து அந்தச் சத்தத்துக்குத் தொடையில் தட்டிக்கொண்டிருப்பான். "எய்யா, உனக்குள்ள ஒரு தவில்காரன் இருக்கான்" என்று ஆச்சி சொல்வாள். ஆச்சி போய் நான்கு வருடம் ஆகிறது.

அவனுக்குப் பத்து வயதானபோது கீபோர்டு வகுப்பில் சேர்த்தேன். அங்கேதான் பிசகியது என்று இப்போது தோன்றுகிறது. வீட்டில் தினமும் அரை மணி நேரம் வாசிக்க வேண்டும் என்று கடிகாரம் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். யார் வந்தாலும் "வாசித்துக் காட்டு" என்பேன். ஒன்றரை வருடத்தில் நிறுத்திவிட்டான். கீபோர்டு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. ஆறு மாதத்துக்கு முன் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. எல்லோரும் கேட்டதால் பாடினான். இரண்டாவது வரியில் குரல் கீச்சென்று மேலே போய் உடைந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவன் என்னைத்தான் பார்த்தான். அன்றிலிருந்து ஒரு வரி பாடவில்லை. எந்நேரமும் காதில் இயர்போன். தங்கச்சி பாடினால் "கத்தாதே" என்கிறான். இப்போது அவளும் சத்தத்தைக் குறைத்துப் பாட ஆரம்பித்திருக்கிறாள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவனை வித்வான் ஆக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. பாட்டு ஒரு சந்தோஷமாக இரண்டு பேருக்கும் இருந்தால் போதும். நான் காலை எட்டரைக்கு வேலைக்குப் போய் ஆறு மணிக்கு வருவேன். அவர் ஜவுளிக்கடையில் வேலை, இரவு பத்தாகிவிடும். ஞாயிறு மட்டும் எல்லோரும் வீட்டில். இந்த நேரத்துக்குள், தனியாக வகுப்பு என்று இல்லாமல், வீட்டோடு வீடாக என்ன செய்யலாம்? பிள்ளைகளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

களக்காட்டான்:

தங்கச்சி, முதலில் அந்தச் சிரிப்புக்குப் பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். "நான் வேண்டுமென்று சிரிக்கவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். "நான் சிரித்தது தப்பு" என்று ஒரு வரி. அவன் பதில் சொல்லாவிட்டாலும் சரி, அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். அடுத்த பேச்சாக "இப்போ பாடுறியா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

எங்கள் அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். பங்குனி, சித்திரை, ஆடி என்று ஊர்க் கோயில்களில் கொடைத் திருவிழாக் காலம் வந்தால் வீட்டில் அவரைப் பார்க்கவே முடியாது. மற்ற மாதங்களில் பகலில் வயல் வேலை. எங்களுக்கு அவர் ஒன்றும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் வீட்டில் நான்கு பேருக்கும் பாட்டு இருக்கிறது. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

வில்லுப்பாட்டு பார்த்திருப்பீர்கள். நடுவில் புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்வார். உடுக்கை, ஜால்ரா, கட்டை, குடம் எல்லாம் சுற்றி இருக்கும். அவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" என்பார்கள். பார்ப்பவர்களுக்கு அது சும்மா தலையாட்டுவது போலத் தெரியும். அப்பா சொல்வார், "புலவன் சறுக்கினாக்கூட கத நிக்கும், ஆமா சறுக்கினா கத படுத்திரும்." எங்கே மூச்சு விடுகிறார், எங்கே இழுக்கிறார், எங்கே சட்டென்று நிறுத்துகிறார் என்று காது முழுவதையும் அங்கே வைத்தால்தான் சரியான இடத்தில் ஆமா விழும்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் அன்றைக்கு நடந்ததை அப்பா வில்லுக்கதையாகச் சொல்வார். பெரிய கதை எல்லாம் இல்லை. மாடு வேலியைத் தாண்டிப் போனது, மடையைத் திறந்தவனோடு சண்டை, கடைக்காரர் பாக்கி கேட்டது, இப்படித்தான். அண்ணனுக்குக் கவிழ்த்த சருவப்பானை. எனக்கு இரண்டு கரண்டி. அக்காவுக்குத் தூக்குவாளி மூடியும் டம்ளரும், அதுதான் ஜால்ரா. தம்பி ரொம்பச் சின்னவன், அவனுக்கு ஆமா மட்டும். யாரும் கேட்கவில்லை, யாரும் கைதட்டவில்லை. கால் மணி நேரம், அப்புறம் தட்டைக் கழுவப் போய்விடுவோம்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அண்ணனுக்கும் 13 வயதில் குரல் உடைந்தது. அது எங்களுக்குத் தெரியவே தெரியாது. அவன் பானைக்காரன், அவன் பாட வேண்டியதே இல்லையே. குரல் தேறிய பிறகு அவனாகவே பின்பாட்டில் சேர்ந்துகொண்டான். உங்கள் பையனுக்கும் வாயைத் திறக்காமல் செய்கிற மாதிரி, ஆனால் அவன் இல்லாவிட்டால் காரியம் நடக்காத மாதிரி ஒரு வேலையைக் கொடுங்கள். தொடையில் தட்டிய பையன்தானே? குடம் அவனுக்குத்தான்.

உங்கள் வீட்டுக்காரர் ஜவுளிக்கடை என்கிறீர்கள். அங்கே ஒரு நாளைக்கு வருகிற கதை ஒரு வில்லுக்குப் போதாதா? ஒரு சேலைக்காக நாற்பது சேலையை விரிக்கச் சொன்னவர்கள் ஒரு வாரத்துக்கு எத்தனை பேர்! ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரைச் சொல்லச் சொல்லுங்கள். ராகம் வரவில்லை என்றால் பேச்சாகவே சொல்லட்டும், நடுநடுவே ஒரு வரியை மட்டும் இழுத்தால் போதும். சின்னவள் ஆமா போடட்டும். பையனை அழைக்காதீர்கள். பானையை அவன் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

குடத்தில் இரண்டு சத்தம் தெரிந்தால் போதும். வாயில் அகலமாக அடித்தால் உள்ளே இருக்கிற காற்று அதிர்ந்து 'தும்' என்று அடிவயிற்றிலிருந்து வரும். பக்கத்தில் விரலால் தட்டினால் 'டக்'. தும், டக் டக். தும், டக் டக். ஒரு கதை முழுவதையும் இதிலேயே ஓட்டலாம்.

நம்ம சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா காந்தி கதையையே வில்லில் சொன்னவர். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் மேடையில் குடும்பமே உட்கார்ந்திருக்கும். வீட்டுக் கலையாக இருந்ததால்தான் அவ்வளவு இயல்பாக இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஒன்றே ஒன்று, கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். செல்போனில் வீடியோ எடுக்காதீர்கள். ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

ஊசிக்கோபுரம் ஆல்ட்டோ:

சகோதரி, நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் சர்ச் பாடகர் குழுவில் 22 வருடமாக ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல் வரிசையில் பாடுகிறேன். குரல் உடைவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில் எனக்கு அனுபவம் உண்டு.

பையன்களுக்கு 12 முதல் 14 வயதுக்குள் குரல்வளை சட்டென்று பெரிதாகிறது. உள்ளே இருக்கும் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது மேல் ச-விலிருந்து கீழ் ச வரை உள்ள தூரம், கீழே இறங்குகிறது. பெண் பிள்ளைகளுக்கும் இறங்கும், இரண்டு மூன்று சுரம்தான், அதனால் வெளியே தெரிவதில்லை. நேற்றுவரை பழகிய தொண்டை இன்று வேறு அளவில் இருப்பதால் நடுவில் கீச்சென்று உடைகிறது. அடங்க ஒரு வருடம் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். இதை யாராவது பையனுக்குச் சொல்லியிருக்கிறார்களா? பல வீடுகளில் சொல்வதில்லை. தன் குரல் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் குழுவில் சின்னப் பையன்கள் மேல்குரல் பாடும் சோப்ரானோ வரிசையோடு நிற்பார்கள். குரல் உடைய ஆரம்பித்தால் "உனக்கு இடம் மாறப்போகிறது" என்போம். சில மாதம் நடுவில் உட்கார்ந்து, வந்த அளவுக்கு முனகிக்கொண்டு, பாட்டுத்தாளைப் புரட்டிக் கொடுப்பான். பிறகு ஆண்குரல் வரிசையான டெனருக்கோ, அதற்கும் கீழே இருக்கும் பாஸுக்கோ போவான். என் மகன் பாஸுக்குப் போன முதல் நாள், எங்கள் எல்லோருடைய குரலுக்கும் அடியில் தன் குரல் ஓடுவதைக் கேட்டு அவன் காது இரண்டும் சிவந்துவிட்டது. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உங்கள் வீட்டில் பாடகர் குழு கிடையாது. ஆனால் ஃபிரிட்ஜ் இருக்கும். ராத்திரி வீடு அடங்கிய பிறகு அது 'ம்ம்ம்' என்று முனகுவதைக் கேளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு அதிர்வு, அதனால் அந்த முனகல் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். அந்தச் சுரத்தை நானும் நீங்களும் தொட முடியாது. குரல் இறங்கிய ஆண்பிள்ளையால்தான் தொட முடியும். "இது எனக்கு வரவில்லை, உனக்கு வருதா பார்" என்று ஒருமுறை கேட்டுவிட்டு நீங்கள் அடுக்களையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். தனியாக இருக்கும்போது நிச்சயம் முயன்று பார்ப்பான்.

அப்புறம், நீங்கள் பாடும்போது அவனுடைய பழைய உயரத்தில் எடுக்காதீர்கள். நன்றாகக் கீழே இறக்கி, ஐந்தாறு சுரத்துக்குள் அடங்குகிற பாட்டாக எடுங்கள். தாலாட்டுகள், கும்மிப் பாட்டுகள், கோயில் பஜனை எல்லாம் பெரும்பாலும் அந்த அளவுக்குள்தான் ஓடும். எங்கள் கீர்த்தனைகளிலும் அப்படிப் பல உண்டு. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து எங்களுக்குப் பாட்டு வீட்டு ஜெபத்தில்தான் வாய்க்கு வந்தது, மேடையில் வரவில்லை.

சின்னவளுக்கு ஒன்று. ஒரே மாதிரி நான்கு கண்ணாடி டம்ளர், வெவ்வேறு அளவு தண்ணீர், ஒரு ஸ்பூன். தட்டினால் தண்ணீர் கூடக் கூடச் சத்தம் கீழே இறங்கும். அதே தண்ணீரை பாட்டிலில் ஊற்றி வாயில் ஊதினால் தண்ணீர் கூடக் கூடச் சத்தம் மேலே ஏறும். ஏன் இரண்டும் எதிரெதிராகப் போகின்றன என்று அவள் கேட்பாள். தட்டும்போது அதிர்வது டம்ளர், தண்ணீரின் பாரம் அதை மெதுவாக்குகிறது. ஊதும்போது அதிர்வது காற்று, தண்ணீர் ஏறினால் காற்றுக்கு இடம் குறைகிறது. அண்ணனிடம் போய்க் கேள் என்று அனுப்பிவிடுங்கள். எட்டாம் வகுப்புப் பையன் கண்டுபிடித்துவிடுவான்.

செவிச் சோதனை:

காது கேட்கும் திறன் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். இயர்போன் பற்றி மட்டும். பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் சராசரி 75 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பெரியவர்களுக்கு 80. மூன்று டெசிபல் கூடினால் கேட்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும், அதாவது 78 என்றால் 20 மணி நேரம்தான். பல செல்போன்களில் சத்தத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம், அவனோடு உட்கார்ந்து வையுங்கள். இயர்போனைப் பிடுங்காதீர்கள். ஒரு பக்கத்தை வாங்கி உங்கள் காதில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு முழுவதும், அபிப்பிராயம் சொல்லாமல்.

பேட்டை தவில் வீடு:

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. அக்கா வருத்தப்படக் கூடாது. வகுப்புதான் பையனைக் கெடுத்தது என்பது போல எல்லோரும் பேசுகிறோம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தவில். சாதகம், அதாவது விடாத பயிற்சி, இல்லாமல் கை பேசாது. ஒரு இடம் வராமல், வராமல், ஒரு நாள் விடியற்காலையில் சட்டென்று வந்துவிடும் பாருங்கள், அந்தச் சந்தோஷத்தை விளையாட்டு மட்டும் கொடுத்துவிடாது. அதையும் பிள்ளை அறிய வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் எங்கள் வீட்டிலும் தவிலை முதலில் யாரும் கையில் கொடுப்பதில்லை. தாளச் சொற்களை வாயால் சொல்வதில்தான் ஆரம்பம். மூன்று என்றால் தகிட. நான்கு தகதிமி. ஐந்து தகதகிட. ஏழு தகிட தகதிமி. ஒன்பது தகதிமி தகதகிட. இதை ராகம் போட்டுப் பாட வேண்டியதில்லை, பேச்சாகச் சொன்னால் போதும், குரல் உடைந்த பையனுக்குச் சிரமமே இல்லை. என் மகளைப் பள்ளியில் விட வண்டியில் போகும்போது வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றால் நான் தகிட சொல்வேன், அவள் பின்னால் இருந்து என் முதுகில் தகதிமி தட்டுவாள். மூன்றும் நான்கும் பன்னிரண்டில் போய்ச் சேரும். சேருகிற இடத்தில் பச்சை விழுந்தால் அன்றைக்கெல்லாம் அவளுக்கு உற்சாகம். மாவு ஆட்டும்போது, துணி உலர்த்தும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, எங்கே வேண்டுமானாலும் ஆகும். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. ரேடியோவில் ஓடுகிற எந்தப் பாட்டுக்காவது போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டில் அடங்குவது எது, அடங்காதது எது என்று அவனே பிரிப்பான். அதற்கப்புறம் இயர்போனிலும் அவன் வேறு மாதிரிதான் கேட்பான்.

பிறகு அவனாகவே கற்க ஆசைப்பட்டால் வழி இருக்கிறது. ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயது வரை சேர்த்துக்கொள்கிறார்கள், செலவு மிகக் குறைவு. ஆழமாகப் போக வேண்டும் என்றால் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாகசுரம், தவில், தேவாரம், மிருதங்கம், வயலின் எல்லாம் உண்டு. மூன்று வருடப் படிப்பு. அதெல்லாம் அவன் கேட்கும்போது.

கேட்பதற்கு ஒன்று சொல்கிறேன். காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) வாசிப்பு. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி குரலும் அவர் நாகசுரமும் மாறி மாறி வரும். கண்ணை மூடிக்கொண்டு, எங்கே குரல் முடிகிறது, எங்கே நாகசுரம் எடுக்கிறது என்று பிள்ளைகளைக் கை தூக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பெரியவர்களே தவறிப்போகிற இடம் அது.

நெல்லையப்பர் கோயிலுக்குப் போனால் மணிமண்டபத்தில் இசைத்தூண்களைக் காட்டுங்கள். ஒரே கல்லில் செதுக்கிய சின்னத் தூண்கள், தட்டினால் வேறு வேறு சுரம் தரும்படி அந்தக் காலத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். தட்டக் கூடாது. தட்டித் தட்டித்தான் தேய்ந்தது. கனம் வேறு, பருமன் வேறு என்று கண்ணால் பார்க்கட்டும்.

முக்கூடல்காரி:

நான் பீடி சுற்றுகிறவள். வீட்டில் நேரம் என்று ஒன்று கிடையாது. காலையில் மடியில் தட்டை வைத்தால் சாயங்காலம் வரைக்கும் இலை வெட்டுவதும் தூள் வைத்துச் சுருட்டுவதும்தான். கை வேலையில் இருக்கும், வாயும் காதும் சும்மாதான் இருக்கும். திருநெல்வேலி வானொலி 1963இல் ஆரம்பித்தது. எங்கள் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் கூட இருந்தது. இப்போது எனக்கும் அதுதான்.

என் மகனுக்கு 15 வயது. அவனும் ஒரு வருடம் பேசாமல் கிடந்தான். நான் அவனைப் பாடச் சொல்லவில்லை. அவனுக்குப் பிடித்த பாட்டை எடுத்து வார்த்தையைத் தப்பாகப் பாடினேன். வேண்டுமென்றே செய்யவில்லை முதலில், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உள்ளேயிருந்து "அப்படி இல்லம்மா" என்று குரல் வந்தது. பின்னே எப்படி என்று கேட்டேன். சொன்னான். மறுநாள் வேறு ஒரு பாட்டைத் தப்பாகப் பாடினேன். இப்படியே பத்து நாள். பதினோராவது நாள் சொல்லாமல் பாடியே காட்டினான், ஒரே ஒரு வரி. நான் தலை நிமிரவில்லை, கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவனும் நிறுத்தியிருப்பான்.

அக்கா, நம்மைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் வேலை செய்யும்போது பாடுவீர்களா? அதை நீங்கள் எழுதவே இல்லையே.

பெருமாள்புரம் அம்மா:

முக்கூடல் அக்கா கேட்ட கேள்விக்குப் பதில், இல்லை. கல்யாணத்துக்கு முன் பாடுவேன். எப்போது நிறுத்தினேன் என்றுகூட நினைவில்லை. இதைப் படித்த அன்று ராத்திரி பாத்திரம் விளக்கும்போது ஆச்சியின் தாலாட்டை முனகிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வரிகள் வரவில்லை. சின்னவள் ஓடிவந்து "அம்மா, உனக்குப் பாட வருமா?" என்று கேட்டாள். ஏழு வருடம் கழித்து என் மகள் என்னைக் கேட்கிறாள்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், களக்காட்டு அண்ணாச்சி சொன்ன மாதிரியே ஒரு வரியில். "ம்" என்றான். குரல் ஏன் உடைகிறது என்பதை அப்பாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவருக்கும் 14 வயதில் அப்படித்தான் இருந்ததாம். எனக்கே அது இப்போதுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வில்லு வைக்கப் போகிறோம். வந்து சொல்கிறேன்.

பெருமாள்புரம் அம்மா:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

முதல் ஞாயிறு அவன் அறையை விட்டு வரவில்லை. அப்பா கதை சொன்னார், சின்னவள் எல்லா வரிக்கும் ஆமா போட்டாள், நான் தூக்குவாளி மூடியைத் தட்டினேன். கதவு மட்டும் அரை அடி திறந்திருந்தது.

இரண்டாவது ஞாயிறு அப்பா ஒரு பட்டுச்சேலைக் கதையை ஆரம்பித்தார். கல்யாண வீட்டார் பன்னிரண்டு பேர் வந்து, பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு நிறம் பிடித்து, கடைசியில் ஒரு கர்ச்சீப் வாங்கிப் போன கதை. சின்னவள் நடுவில் எல்லாம் ஆமா போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தாள். அறையிலிருந்து சத்தம் வந்தது. "அங்கே இல்ல. அப்பா மூச்சு விடும்போது போடு." அவள் மறுபடியும் தப்பாகப் போட்டாள். வெளியே வந்து அவள் தோளில் கையை வைத்து, ஆமா வர வேண்டிய இடத்தில் அழுத்திக் காட்டினான். நான் முக்கூடல் அக்காவை நினைத்துக்கொண்டு மூடியைத் தட்டுவதை நிறுத்தவில்லை. கதை முடியும்போது எவர்சில்வர் பானை அவன் மடியில் இருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது அவனாகவே சொன்னான், "இதுல தும் வரலம்மா. டிங்னு வருது. மண்பானை வேணும்."

காருகுறிச்சியில்தான் பானை செய்கிறார்கள் என்பதால் நேற்று நான்கு பேரும் செங்கோட்டை பாசஞ்சரில் போனோம். சுட்டு அடுக்கியிருந்த பானைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினான். அங்கே இருந்த பாட்டி, "விரிசல் பாக்கியா தம்பி? நம்ம பானையில இருக்காது" என்றார். "இல்ல பாட்டி, சத்தம் பாக்கேன்" என்றான். அவர் ஒரு நிமிடம் அவனைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் கொஞ்சம் தடிப்பாக, வாய் ஒடுங்கிய ஒன்றை எடுத்துவந்து வைத்தார். அதைத் தட்டியதும் மற்றதைத் தொடவில்லை. தவில் வீட்டுத் தம்பி சொன்ன நாகசுரத்துக்காரர் பிறந்த ஊர் இதுதான் என்று சொன்னேன். "இந்த ஊரேவா?" என்று கேட்டு, திரும்பும்போது ரயிலில் அந்தப் பாட்டைப் போட்டு ஒரு இயர்போனைத் தங்கச்சிக்குக் கொடுத்தான். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கித் தூக்கி இறக்கினார்கள். எதிரே இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள்.

இன்னும் அவன் பாடவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆச்சியின் தாலாட்டில் எனக்கு வராத வரிகளில் இரண்டு அவனுக்கு நினைவிருக்கிறது, அதை எழுதிக் கொடுத்தான்.

களக்காட்டு அண்ணாச்சி, குடத்தின் வாயில் எதை வைத்து அடிப்பது? அவன் இப்போது பழைய ரப்பர் செருப்பை வைத்து அடிக்கிறான். சத்தம் வருகிறது, ஆனால் பானை உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

களக்காட்டான்:

செருப்பு வேண்டாம் தங்கச்சி, அது கனம். அப்பா வைத்திருந்தது கமுகம்பாளையை, அதான் பாக்கு மரத்துப் பாளையை, உள்ளங்கையைவிட இரண்டு மடங்கு அகலத்துக்கு விசிறி மாதிரி வெட்டியது. பாளை கிடைக்காவிட்டால் பழைய பனையோலை விசிறி ஒன்றைக் காம்போடு எடுத்து, ஓரத்தைத் துணியால் தைத்துக்கொள்ளுங்கள். வாயை முழுவதும் மூடுகிற மாதிரி விழ வேண்டும், விழுந்த உடனே எழும்பிவிட வேண்டும். பலம் தோளிலிருந்து வரக் கூடாது, மணிக்கட்டிலிருந்து வந்தால் போதும்.

பானையைத் தரையில் வைக்காதீர்கள், சத்தம் செத்துவிடும். பழைய சேலையைச் சுருட்டிச் சும்மாடு மாதிரி அடியில் வையுங்கள். புதுப் பானை என்றால் ஒரு நாள் தண்ணீர் ஊற்றி வைத்து, நன்றாகக் காயவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

ஆடியில் களக்காட்டுப் பக்கம் கொடை இருக்கிறது. வில்லும் உண்டு, கணியான் கூத்தும் உண்டு. அந்தக் கூத்தில் அடிக்கிற மகுடம் என்ற தோல் வாத்தியத்தை நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சிச் சுதி ஏற்றுவதை அவன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நாலு பேரும் சாயங்காலமே வந்துவிடுங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில்.